வாலடியில் கறுப்புக் கட்டிகள்

கேள்வி: டாக்டர் ஐயா, மாப்பிள்ளை அழைப்புக்கு விட ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறேன். வயது 14. வாலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் கறுப்பாக நாலைந்து கட்டிகள். வலி இருப்பதாகத் தெரியவில்லை. மயில்துத்தம் வைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். வைக்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். மேல்தோல் வெந்து புண்ணாகும், ஈ மொய்க்கும். கட்டியின் வேர் அப்படியே உள்ளே இருக்கும்.

முதலில் குதிரையின் மூக்கைப் பாருங்கள். முடி வெள்ளையாக இருந்தும் மூக்கும் கண்ணோரமும் கறுப்பா? குட்டியில் வேறு நிறமாக இருந்து வயது ஏற ஏற வெளுத்ததா? அப்படியென்றால் இது மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இப்படி வெளுக்கும் குதிரைகளில் 15 வயதைத் தாண்டிய பெரும்பாலானவற்றுக்கு இது வருகிறது. வெயிலால் அல்ல, வெயிலே படாத வாலடியில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். முடியை வெளுக்க வைக்கும் மரபணு மாற்றமே இதற்கும் காரணம் என்று 2008-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். உங்கள் பராமரிப்பில் குறையில்லை. பக்கத்துக் குதிரைக்கும் தொற்றாது.

மூக்கும் கண்ணோரமும் ரோஸ் நிறமாக இருக்கும் நுக்ரா குதிரை என்றால் கதை வேறு. அதற்கு நம் வேலூர் வெயில்தான் எதிரி. இமையில் ஆறாத புண், ஓயாத கண்ணீர் என்றால் உடனே காட்ட வேண்டும். அது வேறு வகைப் புற்று.

சரி, உங்கள் குதிரைக்கு வருவோம். ஜரிகைத் துணி போர்த்தி அலங்காரம் செய்கிறவர்கள் வாலைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் "வலியில்லையே, கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. சுண்டைக்காயாக இருக்கும்போது மரத்துப்போக ஊசி போட்டு, குதிரை நின்றபடியே வெட்டி எடுத்துவிடலாம். எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் லத்தி போடவே முக்கும். வருஷங்கள் போகப்போக உள்ளுறுப்புகளுக்கும் பரவலாம்.

மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள். ஊசியால் குத்தி உறிஞ்சினால் மை போலக் கறுப்பாக வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து உறுதி செய்வார்கள். வெட்ட முடியாத இடம் என்றால் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கட்டிக்குள்ளேயே செலுத்துவதுண்டு. அதற்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

அதுவரை வாலுக்கு அடியில் போகும் வாரைக் கட்டாதீர்கள், உரசி உடையும். மாதம் ஒருமுறை கட்டி பக்கத்தில் ஸ்கேல் வைத்து போனில் படம் எடுங்கள். அப்புறம் காதுக்குக் கீழே, உதடு, ஆண் குதிரை என்றால் குறியுறை, இங்கெல்லாம் தடவிப் பாருங்கள்.