மெயில் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை: டிக்கெட் அறிவிப்புகள் பற்றிக் கேள்வி பதில்

ராமேஸ்வரத்து லாட்ஜ், மண்டபத்து ஐஸ் பிளாண்ட், கீழக்கரையின் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி என்று புகார்களையும் வேலைகளையும் டிக்கெட்டாகப் போட்டுப் பார்க்கிறவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது ரெட்மைன் என்ற டிக்கெட் மென்பொருள். இரண்டொருவரிடம் அதே வகையான மாண்டிஸ், பக்ஸில்லா. மெனுவின் பெயர்கள் மாறும். மெயில் போகும் வழி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ராமேஸ்வரம், லாட்ஜ் மேனேஜர்: அண்ணே, ஏசி, மோட்டார் புகார்களுக்கு ரெட்மைன் போட்டிருக்கிறோம். ஜிமெயில் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் தப்பு என்கிறது. அதே பாஸ்வேர்டு பிரவுசரில் வேலை செய்கிறது.

பாஸ்வேர்டில் தப்பில்லை தம்பி. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மென்பொருள் நுழைவதை கூகுள் 2022 மே இறுதியோடு நிறுத்திவிட்டது. முதலில் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதன் பிறகு ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்கினால் 16 எழுத்து வரும். ரெட்மைன் கான்ஃபிகரேஷன் கோப்பில் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து போர்ட், அதாவது மெயில் சர்வரின் வாசல் எண். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ்: சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு பூட்டிய இணைப்புக்கு மாறும். 465 என்றால் இணைப்பு தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ், அதாவது பூட்டியே இருக்கும். ஒன்றின் எண்ணைப் போட்டு மற்றதன் முறையைத் தேர்ந்தால் நெடுநேரம் காத்திருந்து டைம் அவுட் ஆகும், அல்லது உடனே பிழை காட்டும். போர்ட் 25-இன் பக்கம் போகவே வேண்டாம், நிறைய இணைய நிறுவனங்கள் வெளியே போகும் 25-ஐ அடைத்துத்தான் வைத்திருக்கின்றன. அந்தக் கோப்பில் வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் மட்டும்தான், டேப் கூடாது. சேமித்ததும் ரெட்மைனை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள்.

இன்னொன்று. யாராவது அந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துப்போகும். லாட்ஜில் மேனேஜர் மாறும்போதெல்லாம் மெயில் நின்றுபோவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

அதே லாட்ஜ், ரிசப்ஷன்: டெஸ்ட் மெயில் வருகிறது. நிஜப் புகார் போட்டால் வரவில்லையே?

நீங்களே புகார் போட்டு நீங்களே மெயிலுக்குக் காத்திருக்கிறீர்களா? உங்கள் கணக்கு அமைப்பில், நான் செய்த மாற்றங்களுக்கு எனக்கு அறிவிப்பு வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கும். மாண்டிஸும் இயல்பாகவே அப்படித்தான். வேறொருவர் கணக்கிலிருந்து ஒரு புகார் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், மெயில் வர வேண்டியவர் அந்தப் பிராஜெக்டில் உறுப்பினரா, டிக்கெட்டைப் பார்க்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க முடியாத டிக்கெட்டுக்கு மெயில் போகாது.

தொண்டி: மெயில் வருகிறது சார், ஆனால் அதிலுள்ள லிங்க்கை அழுத்தினால் லோக்கல்ஹோஸ்ட் என்று எங்கேயும் போகாமல் நிற்கிறது.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கம்ப்யூட்டர்’ என்று பொருள். நிர்வாக அமைப்பில், பொதுப் பக்கத்தில் ஹோஸ்ட் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே உங்கள் உண்மையான முகவரியைப் போடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் என்றால் அதற்குக் கீழே உள்ள புரோட்டோகாலையும் மாற்றுங்கள். அவ்வளவுதான்.

மண்டபம், ஐஸ் பிளாண்ட் அலுவலகம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் நெட் அடிக்கடி போய்விடுகிறது. நெட் இல்லாத நேரத்தில் போட்ட டிக்கெட்டுக்கு மெயில் பிறகும் வருவதில்லை. சர்வர் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி இது. ரெட்மைன் நேராக வெளி சர்வரிடம் பேசுகிற மாதிரி வைத்திருப்பீர்கள். நெட் இல்லையென்றால் அந்த முயற்சி தோற்கும், பதிவுக் கோப்பில் ஒரு பிழை வரி விழும், கதை முடிந்தது. 4.0 பதிப்பிலிருந்து ரெட்மைன் மெயிலைப் பின்னணியில் அனுப்புகிறது. ஆனால் இயல்பான அமைப்பில் அந்த வரிசை நினைவகத்தில்தான் இருக்கும். கரண்ட் போனால் வரிசையும் போச்சு.

தீர்வு: அதே கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நிறுவுங்கள். ரெட்மைன் மெயிலை அதனிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் 587 வழியாக உங்கள் மெயில் நிறுவனத்துக்குத் தள்ளும். நெட் இல்லாவிட்டால் மெயிலை டிஸ்க்கில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும், இயல்பாக 5 நாள் வரை. என்ன தேங்கியிருக்கிறது என்று பார்க்க ‘மெயில்கியூ’ என்ற கட்டளை போதும். யுபிஎஸ் அணைந்து கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தாலும் வரிசை அப்படியே இருக்கும். மாண்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. அது மெயிலைத் தன் டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்ளும், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக அனுப்பச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐஸ் பிளாண்டில் அம்மோனியா ஓடுகிறது. கசிவு என்றால் டிக்கெட்டும் வேண்டாம், மெயிலும் வேண்டாம், சைரனும் போனும்தான். மெயில் மூன்று நாள் கழித்து வந்தாலும் கெடாத விஷயங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை, சாஃப்ட்வேர் கம்பெனி: காக்கா, நாங்கள் 15 பேர். டிக்கெட்டில் ஒரு கமா மாறினாலும் எல்லாருக்கும் மெயில். எல்லாரும் அதைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டார்கள். போதாததற்குச் சில நாள் மாலைக்கு மேல் மெயிலே போவதில்லை.

இரண்டும் ஒரே நோய். ரெட்மைன் 4.0 முதல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில். ஒரு நாளில் 40 மாற்றம், 15 பேர் என்றால் 600 மெயில். சாதாரண ஜிமெயில் கணக்கின் வரம்பு நாளைக்கு 500. தாண்டினால் 24 மணி நேரம் வரை பூட்டிவிடும். மாலையில் நிற்கிறது என்றால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

வரம்பு அதிகமான கணக்கு வாங்குவதை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழேயே குடியிருப்பவருக்கு அது காதில் விழுவதில்லை. உங்கள் ஆட்கள் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். முதலில் நிர்வாக அமைப்பில், ‘டிக்கெட் புதுப்பிக்கப்பட்டது’ என்ற ஒட்டுமொத்த டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே தனித்தனியாகக் குறிப்பு சேர்ந்தது, நிலை மாறியது, பொறுப்பாளர் மாறினார், முன்னுரிமை மாறியது என்று இருக்கும். இந்த நான்கும் போதும். விவரத்தில் எழுத்துப்பிழை திருத்தியதற்கு யாருக்கும் மெயில் வேண்டியதில்லை.

அடுத்து ஆட்கள். ‘எல்லாப் பிராஜெக்டிலும் எல்லா நிகழ்வுக்கும்’ என்பது டீம் லீட் ஒருவருக்குக்கூட நான் தரமாட்டேன். ‘நான் கவனிப்பவை, எனக்குத் தொடர்புள்ளவை மட்டும்’ என்பதை எல்லாருக்கும் வையுங்கள். இப்போதுள்ள பதிப்புகளில், முன்னுரிமை உயர்ந்த டிக்கெட்டுகளுக்கு மட்டும் கூடுதலாக அறிவிப்பு கேட்கும் வசதி உண்டு; லீடுக்கு அது சரியாக இருக்கும். டெஸ்ட் செய்பவர் ஒரு டிக்கெட்டைக் கண்காணிக்க வேண்டுமென்றால், அந்த ஒன்றில் அவரை வாட்ச்சராகச் சேருங்கள். உங்கள் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், “எனக்குத் தெரியாமல் போய்விட்டதே” என்பார்கள். வரட்டும். ஃபோல்டருக்குள் கிடந்தபோதும் தெரியாமல்தான் இருந்தது.

அதே கம்பெனி: துபாய் கிளையன்ட் மெயிலில் பதில் போட்டால் டிக்கெட்டில் ஏறுகிற மாதிரி வைத்தோம். அவர் லீவில் போனதும், “நான் அலுவலகத்தில் இல்லை” என்ற பதில் டிக்கெட்டில் ஏறி, அதற்கு மெயில் போய், அதற்கும் பதில் வந்து...

ஒழுங்கான தானியங்கிப் பதில்கள் தலைப்பகுதியில் ‘ஆட்டோ சப்மிட்டட்’ என்று அடையாளம் வைத்தே வரும். ரெட்மைன் அந்த மாதிரி மெயில்களைக் கண்டுகொள்ளாது. கிளையன்டின் மெயில் சர்வர் அந்த அடையாளத்தைப் போடவில்லை போலிருக்கிறது. பதில் வந்து சேரும் அந்த மெயில்பெட்டியிலேயே, தலைப்பில் ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ என்றிருப்பவற்றைப் பிரித்து ஒதுக்க ஒரு விதி போடுங்கள். அனுப்பும் முகவரியும் வாங்கும் முகவரியும் வேறு வேறாக இருக்கட்டும். பதிலுக்குக் கீழே பழைய கடிதம் முழுவதும் ஒட்டிக்கொண்டு வராமலிருக்க, எந்த வரிக்குக் கீழே வெட்ட வேண்டும் என்று சொல்லும் இடமும் நிர்வாக அமைப்பில் உண்டு.

பாம்பன், போட் இன்ஜின் ஒர்க்‌ஷாப்: மெக்கானிக் யாரும் மெயில் பார்ப்பதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் போட்டும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்து நிற்கும். என்ன செய்யலாம்?

மெக்கானிக்குக்கு மெயில் அனுப்பாதீர்கள். கையில் கிரீஸோடு யார் இன்பாக்ஸ் திறப்பார்? அவர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்போ கரும்பலகையோ போதும். மெயில் மேஸ்திரிக்கும் ஆபீஸில் பில் போடுபவருக்கும் மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் தனித்தனி அறிவிப்பைவிடக் காலையில் ஒரே பட்டியல்தான் உதவும். ரெட்மைனில் நினைவூட்டல் டாஸ்க் ஒன்று உண்டு. கெடு நெருங்குகிற, கெடு தாண்டிய டிக்கெட்டுகளை அது ஆளுக்கொரு மெயிலாகத் தொகுத்துத் தரும். தானாக ஓடாது, கிரானில் போட வேண்டும். டிக்கெட்டில் கெடு தேதி இல்லையென்றால் பட்டியலில் வராது, ஆகவே போட் வந்ததுமே தேதியைப் போட்டுவிடுங்கள். சர்வர் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி நேரத்தில் இருந்தால் நம் காலை 8 மணிக்கு கிரானில் 2:30.

ராமநாதபுரம், இன்ஜினீயரிங் மாணவி: லேப் பிராஜெக்டுக்கு பக்ஸில்லா. நிஜ ஆட்களுக்கு மெயில் போகாமல் சோதிக்க முடியுமா அண்ணா?

முடியும்மா. மெயில் அனுப்பும் முறையை ‘டெஸ்ட்’ என்று மாற்று. எல்லா மெயிலும் வெளியே போகாமல் டேட்டா ஃபோல்டரில் ஒரு கோப்பில் வந்து விழும். திறந்து படித்தால் யாருக்கு, என்ன, எந்தத் தலைப்பில் போகிறது என்று எல்லாம் தெரியும்.

உச்சிப்புளி: சொந்த டொமைனிலிருந்து அனுப்புகிறோம், எல்லாம் ஸ்பேமில் விழுகிறது.

டொமைனின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில், மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் இருக்கிறதா? 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், அந்தச் சரிபார்ப்பில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். நீங்கள் அந்த அளவு அனுப்பப்போவதில்லை என்றாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். ‘அனுப்புநர்’ கட்டத்தில் உங்கள் டொமைன் முகவரிதான் இருக்க வேண்டும். அங்கே ஜிமெயில் முகவரியை வைத்துவிட்டு வேறு சர்வர் வழியாக அனுப்பினால் ஸ்பேம்தான்.

மறுபடி ராமேஸ்வரம் லாட்ஜ்: வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் புகார் மெயில் போகிறது. கணக்கை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். அழித்தால் அவர் எழுதிய பழைய குறிப்புகளெல்லாம் பெயரில்லாதவர் எழுதியதாக மாறிவிடும். கணக்கை ‘லாக்’ செய்தால், அதாவது பூட்டினால், மெயில் நின்றுவிடும், பழையதும் அவர் பெயரிலேயே இருக்கும். அவர் பெயரில் திறந்து கிடக்கும் புகார்களை மட்டும் அன்றைக்கே இன்னொருவருக்கு மாற்றிவிடுங்கள்.