அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே ஒரு பந்தாட்டம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கீழக்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் கால்பந்து அணி ஆடும் நாளில் மதில்மேல் உட்கார இடம் கிடைக்காது. இன்று ஆட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் பெரிது. மீன்பாடு குறைந்துவிட்டது, வயல்களில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது, படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் ஆலைகள் மூடப்பட்ட ஊர்களில்கூடக் கல்லூரிக் கால்பந்துக்குக் கூட்டம் கூடுகிறது என்று படித்தேன். அதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எல்லாம் இல்லை. அவர்கள் கால்பந்து என்று சொல்வது கூர்முனைப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து மோதும் வேறொரு விளையாட்டு. கல்லூரி அணியை ஊரின் அணியாகக் கொண்டாடும் வழக்கத்தை மட்டும்தான் நாம் அங்கிருந்து பார்க்க வேண்டும்.

ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரில் 1950இல் 1,68,000க்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமையன்று அங்கிருந்த பெரிய எஃகு ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. அந்த நாளை இன்றும் கறுப்புத் திங்கள் என்றே அந்த ஊரார் சொல்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 60,000. இப்படி ஊர் கரைந்துகொண்டிருந்த காலத்தில், 1986இல், ஜிம் டிரெசல் என்பவர் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். முதல் ஆண்டில் இரண்டே வெற்றி, ஒன்பது தோல்வி. பிறகு 1991, 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி தன் பிரிவில் தேசியக் கோப்பையை வென்றது. கோப்பைகள் கூட்டத்தைச் சேர்க்கும் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் கோப்பையை யாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள முடியாது என்பதால், இந்தக் கதை உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரம். 1950இல் 86,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020இல் 47,000க்கும் கீழே போய்விட்டது. 1970 நவம்பர் 14 அன்று, வெளியூரில் ஆடிவிட்டுத் திரும்பிய மார்ஷல் பல்கலைக்கழக அணியின் விமானம் விழுந்து நொறுங்கியதில், வீரர்கள், பயிற்சியாளர்கள், உடன் சென்றிருந்த ஊர்ப் பிரமுகர்கள் என 75 பேரும் இறந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியையும் ரயிலோடு சேர்த்து ஆட்களையும் பறிகொடுத்த கரைக்கு அந்தத் துக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அணியையே கலைத்துவிடலாமா என்று பேச்சு எழுந்தது. ஆனால் மறு ஆண்டே, முதலாமாண்டு மாணவர்களை ஆடவிடச் சிறப்பு அனுமதி பெற்று, புதிய அணியைக் களத்தில் இறக்கினார்கள். சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தைக் கடைசி நொடியில் 15–13 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் கிடைத்தது. தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக அமைந்த பருவம் 1984இல்தான் வந்தது. அதுவரை அணியைத் தாங்கியது ஊர். விபத்தின் நினைவாக வளாகத்தில் அமைத்த நீரூற்றை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14இல் கூடி நின்று நிறுத்துகிறார்கள். வசந்தம் வரும்வரை தண்ணீர் பாய்வதில்லை. தேதி மாறுவதில்லை என்பதுதான் இதில் நான் கவனித்தது. அவர்களுடைய ஆட்டங்களும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் நடக்கின்றன. பழைய மாணவர்கள் ஊர் திரும்புவதற்கென்றே ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் நிலைமை என்ன? சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவரின் மகன் ஆடுகிறான் என்று கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். புதன்கிழமை, காலை பத்தரை மணி, கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் ஐவர், காவலாளி, டீ கொண்டுவந்த பையன், நான்: இவ்வளவுதான் பார்வையாளர்கள். ஆடிய பையனின் தகப்பனாரான என் நண்பர் கடலில் இருந்தார். ஆட்டம் முந்தைய நாள் மாலைதான் முடிவானது என்று பிறகு தெரிந்தது. அப்படி ஓர் ஆட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று ஊரைக் குறைசொல்வது நியாயமா?

எனவே முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். இந்தக் கரைக்கு ஏற்கெனவே ஒரு கடிகாரம் இருக்கிறது. பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்தபின் நாலேகாலுக்கு ஆட்டம் தொடங்கினால், இரண்டு பாதிக்கு 90 நிமிடமும் இடைவேளைக்கு 15 நிமிடமும் போக, ஆறு மணியளவில், ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் மஃரிப் பாங்குக்கு முன்பு, முடிந்துவிடும். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களும் நாட்டுப்படகுகள் போகும் நாட்களும் எவை என்பது உங்கள் ஊர்ப் படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் தெரியும். படகு கரையில் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பருவத்துக்கு நான்கு ஆட்டங்கள் மட்டும் சொந்த மைதானத்தில் நடந்தாலும் போதும், ஆனால் நான்கின் தேதியும் கல்லூரி திறக்கும்போதே பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மீன் ஏலக்கூடம் ஆகிய எல்லா இடங்களிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் திரும்புவோருக்கான ஆட்டத்தைப் பொங்கலை ஒட்டி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மைதானம் இறுகியிருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு விடுமுறையும் கிடைக்கும். முஸ்லிம்களின் பெருநாளுக்கு வைத்தால் வளைகுடாவிலிருந்து வருபவர்களும் இருப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தேதி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஒரு சில ஆண்டுகளில் தேர்வோடு மோதும்.

அடுத்தது, களத்தில் ஆடுவது யார் என்பது. கோப்பை ஆசையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வெளிமாவட்ட ஆட்டக்காரர்களை மட்டுமே நிரப்பும் வழக்கத்தை நான் விரும்பவில்லை. பக்கத்து மண்டபம் ஊர்ப் பையன் ஒருவன் பின்வரிசையில் நின்றால் அவனுடைய மாமா, மச்சான் என்று இருபது பேர் வருவார்கள். அவன் தப்பாக உதைத்தாலும் அடுத்த முறையும் வருவார்கள். அப்படிப்பட்ட பையன்கள் கிடைக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வாய்ப்பானது. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கும் பெரும்பகுதி விடுமுறை. கல்லூரிக்கும் விடுமுறை என்பதால் போட்டி நடத்த முடியாது, ஆனால் உள்ளூர் ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் கடற்கரை மணலில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கலாம்.

ஒரு சிறு திருத்தமும் சொல்ல வேண்டும். ‘தேயும் மாவட்டம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். 2001இல் 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 13.5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வெளியே போகிறவர்கள் போனாலும், மதில் நிறைய ஆள் இன்னும் இருக்கிறது.

கேள்வி: பெண்கள் மைதானத்துக்கு வருவதே இல்லை. எப்படி அழைப்பது? (வாசகி, தொண்டி)

பதில்: நிழலும் கழிப்பறையும் இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? மேற்கு வெயில் முகத்தில் படாதபடி ஒரு பனை ஓலைப் பந்தல், பூட்டப்படாத ஒரு கழிப்பறை, இருட்டுவதற்குமுன் பேருந்து நிறுத்தம் போய்ச் சேர முடியும் என்ற உறுதி, இம்மூன்றையும் முதலில் செய்யுங்கள். ஆடுகிறவனின் தாயையும் அக்காவையும் கல்லூரியே நேரில் போய் அழைக்க வேண்டும். பையன் வீட்டில் சொல்ல மாட்டான்.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். மின்விளக்குகள் போடலாமா? (வாசகர், பெரியபட்டினம்)

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் ஆட்ட நாளன்று சுற்றுக் கிராமங்களுக்கு இரண்டு வேன் விடுங்கள்.

கேள்வி: எங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலைகூட இல்லை. இந்த லட்சணத்தில் ரசிகர்களைப் பற்றிப் பேசலாமா? (மாணவர், தேவிப்பட்டினம்)

பதில்: தம்பி, கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு வலை இல்லை என்கிறீர்கள்! கம்பத்தின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. மெல்லிய நைலான் வலை காலில் சிக்கும். இழுவலையில் மீன் வந்து சேரும் பை போன்ற பகுதியான மடியில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அந்த நூல் தடிப்பானது, பந்து பட்டாலும் அறுகாது. கிழிசலைப் பொத்தி, கம்பத்தில் கட்டித்தரும்படி வலை வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆட்டத்தன்று முடிச்சு தாங்குகிறதா என்று பார்க்க, அவரே கோலுக்குப் பின்னால் வந்து நிற்பார்.