பவர் ரத்து: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மனையை எனக்காக விற்க அண்ணனுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது ரத்து செய்யப் போகிறேன். அவர் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிப் போட்ட ஒப்பந்தமும் அதோடு போய்விடுமா?

பதில்: போகாது. பவர் ரத்து இனி நடக்கப்போவதைத்தான் தடுக்கும். 10ஆம் தேதி அண்ணன் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டார், 15ஆம் தேதி நீங்கள் ரத்து செய்தீர்கள் என்றால், அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 204ஆம் பிரிவைப் பாருங்கள். அதைவிட முக்கியம் 208. ரத்து ஏஜென்டுக்கு, அதாவது பவர் வாங்கியவருக்கு, தெரியவந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். வெளியாளுக்கு, அந்த வெளியாளுக்குத் தெரிந்த பிறகு. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அண்ணனுக்கு எழுத்தில் தெரிவித்து, கிடைத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அசல் பவரைக் கையில் வாங்குங்கள். அது அவரிடம் இருக்கும்வரை, விவரம் தெரியாத யாரிடமும் நீட்டலாம்.

கேள்வி: பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால்?

பதில்: பிரிவு 201. பொதுவாகப் பவர் அங்கேயே முடிந்தது.

கேள்வி: என் பத்திரத்தில் 'ரத்து செய்ய இயலாத பவர்' என்றே எழுதியிருக்கிறதே?

பதில்: எழுதிவிட்டால் மட்டும் போதாது. அந்தச் சொத்தில் ஏஜென்டுக்கே ஒரு பாத்தியதை, அதாவது சொந்த உரிமை, இருக்க வேண்டும். உங்களுக்குக் கடன் கொடுத்தவரிடம், "நிலத்தை விற்று உன் பாக்கியை எடுத்துக்கொள்" என்று பவர் கொடுத்தால், அதை நினைத்தபோது பறிக்க முடியாது. நீங்கள் இறந்தாலும் அது நிற்கும். பிரிவு 202.

கேள்வி: ரத்து என்றாலே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்றுதானே அர்த்தம்? குழப்புகிறீர்கள்.

பதில்: குழப்புவது நானல்ல, அந்தச் சொல். கொடுத்தவரே அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும் ரத்து என்கிறோம். நீதிமன்றம் ஒரு பத்திரத்தையே இல்லாமல் ஆக்குவதையும் ரத்து என்கிறோம். இரண்டாவதற்கு 1963ஆம் ஆண்டு குறித்த வகை நிவாரணச் சட்டம், பிரிவு 31 என்று தனி வழி இருக்கிறது. "பவரை ரத்து செய்தேனே, கிரையத்தையும் அப்படியே செய்கிறேன்" என்று கிளம்புகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். விற்றுக் கையெழுத்துப் போட்டவர் தனியாகப் போய் அதை ரத்து செய்துவிட முடியாது.

கேள்வி: ரத்து தமிழே இல்லையே, அரபுச் சொல். 'விலக்கிக்கொள்ளுதல்' என்று எழுதினால் குழப்பமே வராதே?

பதில்: அரபு என்பதில் எனக்கு வருத்தமில்லை, பத்திரம், வக்கீல், ஜாமீன் எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் பவருக்கு 'விலக்கிக்கொள்ளுதல்' பொருத்தமான சொல், ஒப்புக்கொள்கிறேன். கொடுத்த கையே எடுக்கிறது என்பது அதில் தெரிகிறது. பத்திர எழுத்தர்கள் மாற்ற மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: உயிலை மாற்றலாமா?

பதில்: எழுதியவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும்.

கேள்வி: சார், பவரை ரத்து செய்தால் முன்பு வாங்கிய அட்வான்ஸ்...

பதில்: முதல் பதில். அசலை வாங்கிவிட்டீர்களா?