2015-க்குத் திரும்பிய சர்வர்

கேள்வி: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஆறு பேர் எழுதும் நிரல்கள் அலுவலகத்துப் பழைய சர்வரில், மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் என்ற மென்பொருளில் இருக்கின்றன. 2024 மே மாதம் ஒரு மின்தடைக்குப் பின் அதன் கடிகாரம் 2015 ஜனவரி 1-க்குப் போனதை இரண்டு நாள் எவரும் கவனிக்கவில்லை. மொத்தமுள்ள 840 ரிவிஷன்களில் (எண்ணிட்ட மாற்றப் பதிவுகளில்) 410 வரை மே 17-க்குள், 411, 412-இல் மே 20, 413 முதல் 431 வரை 2015, 432-இல் மே 22 என்று இருக்கிறது. மே 17 இரவு இருந்த நிரலைத் தேதி கொடுத்துக் கேட்டால், பிறகு எழுதிய வரிகளும் சேர்ந்து வருகின்றன. பதிவுகள் கெட்டுவிட்டனவா, ஐயா?
வாசகர், தருமபுரி

பதில்: கெடவில்லை. எது முன், எது பின் என்பதை ரிவிஷன் எண்ணே தீர்மானிக்கிறது. தேதி என்பது கமிட் ஆகும், அதாவது மாற்றம் பதிவாகும் நொடியில் சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து ஒட்டும் சீட்டு மட்டுமே. உங்கள் மேசைக் கணினிகளின் நேரம் சரியாக இருந்தும் உதவாமல் போனது அதனால்தான்.

தேதி கொடுத்துக் கேட்டால் சப்வெர்ஷன் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. தேதிகள் ஏறுவரிசையில் இருக்கும் என்று நம்பி, நடுவில் பார்த்து, ஒரு பாதியைத் தள்ளிவிடும். உங்கள் பட்டியலின் நடுவிலுள்ள 420-இல் 2015 என்றிருப்பதைக் கண்டு, மே 17 இதற்கு மேலேதான் என்று முடிவுகட்டி, சரியான 410 இருக்கும் பாதியை ஒதுக்கிவிட்டு, கடைசியில் 431-இல் போய் நிற்கிறது. இப்போதைக்கு 410 என்று எண்ணைச் சொல்லியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனதும் கடிகாரம் பழைய தேதிக்குத் தாவினால், மதர்போர்டில் உள்ள, காசு போன்ற சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும்; முதலில் அதை மாற்றுங்கள். அதோடு, இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி போன்ற ஒரு நேரச் சேவையையும் நிறுவுங்கள். மின்சாரம் திரும்பும்போது இணைய மோடத்துக்கு முன்பே சர்வர் எழுந்துவிடுவதுண்டு. ஆகையால் நேரம் சரியான பிறகே சப்வெர்ஷன் தொடங்கும்படி வைப்பது நல்லது.

அந்த 19 தேதிகளையும் திருத்தலாம். ஆனால் பழைய தேதி எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பதால், முதலில் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ரிவிஷன் பண்புகளை (தேதி போன்ற குறிப்புகளை) மாற்ற அனுமதிக்கும் ஹூக் என்ற சிறு நிரலையும் நிர்வாகி அமைக்க வேண்டும். இடையில் மீண்டும் மின்தடை வராமலிருந்தால் 19-லும் பிழை ஒரே அளவுதான். ஒன்றின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும், அதே வித்தியாசத்தை எல்லாவற்றிலும் கூட்டிவிடலாம். இந்தத் தேதிகள் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருப்பதால், நம் காலை 10.30-ஐ 5.00 என்று எழுத வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான்.

சப்வெர்ஷன் போன்ற இன்னொரு மென்பொருளான கிட்டுக்கு மாறினால் தீரும் என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே தேதி அவரவர் கணினியிலிருந்து வருவதால், ஒரு கடிகாரத்துக்குப் பதில் ஆறு கடிகாரங்களைக் கவனிக்க நேரிடும். ஆலைக்குக் கொடுக்கும் பதிப்புக்கு அன்றே ஒரு டேக் (பெயர் அடையாளம்) போட்டிருந்தால் தேதியைத் தேடும் தேவையே வந்திருக்காது. 410-க்கு இன்றுகூடப் போடலாம்.