1000 நோட்டீஸ், 4 போன்

கேள்வி: வீட்டிலேயே மெஷின் வைத்து ஆல்டரேஷன் வேலை மட்டும் செய்கிறேன். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, இப்படி. 1000 நோட்டீஸ் அடித்து, பஸ் நிறுத்தம், சூப்பர் மார்க்கெட் வாசல், ஏடிஎம் என்று கூட்டம் உள்ள இடமாகப் பார்த்து 700 வரை வைத்துவிட்டேன். ஒரு மாதத்தில் 4 போன்தான் வந்தது. அதிலும் ஒருவர் புதுத் துணி தைப்பீர்களா என்று கேட்டவர். மீதி 300 நோட்டீஸை எங்கே வைத்தால் பலன் கிடைக்கும்?

பதில்: 700 போனது போகட்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவரின் கண் பஸ் வரும் பக்கம்தான் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வெளியே வருபவருக்கு இரண்டு கையிலும் பை. ஏடிஎம்மில் பணத்தை எண்ணிக்கொண்டு எல்லோரும் அவசரமாகக் கிளம்புவார்கள். கூட்டம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் தன் பேன்ட் ஞாபகம் இல்லை.

இடம் தேடும்போது இப்படி யோசித்துப் பாருங்கள். 'அடடா, இதைச் சரி பண்ணணுமே' என்று ஒருவருக்குத் தோன்றுகிற நொடியில் அவர் எங்கே நிற்கிறார்? உங்கள் தொழிலுக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம். முதலில் துணிக்கடை. அதிலும் ட்ரையல் ரூம்.

ஒருவர் பேன்ட் போட்டுப் பார்க்கிறார். இடுப்பு சரியாக இருக்கிறது, கால் பக்கம் 2 அங்குலம் தரையில் புரள்கிறது. கண்ணாடி முன்னால் நின்று குனிந்து மடித்துப் பார்க்கிறார், முகத்தைச் சுளிக்கிறார், 'யோசிச்சுட்டு வரேன்' என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கடைக்கு ஒரு விற்பனை போயிற்று, உங்களுக்கு ஒரு வேலை போயிற்று. ஆல்டரேஷன் வசதி இல்லாத துணிக்கடைகளை மட்டும் பட்டியல் போடுங்கள். அங்கே போய் 'நோட்டீஸ் வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்கு ஒரு தொந்தரவாகத்தான் தெரியும். 'நீளம் சரியில்லை என்று வாங்காமல் போகிறவர்களை என்னிடம் அனுப்புங்கள், மறுநாளே முடித்துத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். மறுநாள் முடியாது என்றால் எத்தனை நாளில் முடியுமோ அதைச் சொல்லுங்கள். நோட்டீஸை மேஜையில் அடுக்கி வைப்பதைவிட, ட்ரையல் ரூம் பக்கம் நிற்கும் விற்பனையாளர் கையில் 20 கொடுப்பது மேல். சரியான நேரத்தில் எடுத்து நீட்ட அவரால்தான் முடியும்.

அடுத்தது சலவைக்கடை. துணியை வாங்கும்போதே கறை, கிழிசல், பொத்தான் இல்லாதது எல்லாவற்றையும் பார்த்து ரசீதில் குறித்துக்கொள்கிற பழக்கம் பல சலவைக்கடைகளில் உண்டு, பிற்பாடு தகராறு வரக்கூடாது என்பதற்காக. அதாவது உங்களுக்கு வரவேண்டிய வேலையை இன்னொருவர் ஏற்கெனவே கண்டுபிடித்து எழுதியும் வைத்திருக்கிறார்! அப்படிக் குறித்த துணிகளோடு மட்டும் ஒரு நோட்டீஸை வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லாப் பையிலும் போடச் சொன்னால் இரண்டாம் நாளே சலித்துவிடுவார்கள்.

ஜிம்மை யாரும் நினைப்பதில்லை. உடம்பு இளைத்தவருக்கு அலமாரியில் இருக்கிற பேன்ட் எல்லாம் தொளதொள. நல்ல துணியைத் தூக்கிப்போடவும் மனசு வராது. வரவேற்பு மேஜையில் பத்தோடு பதினொன்றாக வைக்காமல், எடை பார்க்கும் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒன்று ஒட்ட அனுமதி கிடைக்குமா பாருங்கள். 'இளைத்துவிட்டீர்களா? இடுப்பைப் பிடித்துத் தருகிறோம்' என்று ஒரே வரி. அந்த இடத்தில் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சீருடை போடும் இடங்களும் உண்டு: ஓட்டல், மருத்துவமனை, காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்கள். சீருடை மூன்று நான்கு அளவில்தான் வரும், மனிதர்கள் அப்படி மூன்று நான்கு அளவில் இருப்பதில்லையே. ஊழியர் ஓய்வறையில் இருக்கும் தகவல் பலகையில் ஒரு நோட்டீஸ் போதும். அது வாசலில் வைக்கும் 100 நோட்டீஸுக்குச் சமம்.

முடிவெட்டும் கடை பரவாயில்லை, காத்திருக்கிறவர்கள் படிப்பார்கள் என்பதைவிட, வெட்டுகிறவர் வாய்விட்டுப் பேசுவார் என்பதால். மருத்துவர்களின் காத்திருப்பு அறையை நான் பெரிதாக நம்புவதில்லை. இப்போது அங்கே எல்லோரும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

நூலகம், சமூகக் கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் பக்கம் இருக்கும் தகவல் பலகைகளுக்கு வேறு கணக்கு. அங்கே கட்டாக வைக்க முடியாது, ஒன்றுதான் ஒட்டலாம். ஆகவே அடியில் போன் நம்பரை வரிசையாக எழுதி, கிழித்துக்கொள்ளும்படி கீற்றுக் கீற்றாக வெட்டிவிடுங்கள். ஒட்டியதும் நீங்களே இரண்டு கீற்றைக் கிழித்து எடுத்துவிடுங்கள். முதல் ஆளாகக் கிழிக்க மனிதர்களுக்கு என்னவோ கூச்சம். ஓரத்தில் ஒட்டிய தேதியைச் சின்னதாகப் போடுங்கள். பலகையைச் சுத்தம் செய்பவர் எது பழையது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கிழித்துவிடுவார்.

வேண்டாத இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் வைப்பரில் சொருகாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். விளக்குக் கம்பம், பொதுச் சுவர், மரம் எதிலும் ஒட்டாதீர்கள். பல ஊர்களில் அதற்கு அபராதம் உண்டு, ஒட்டியது யார் என்று தேடவும் வேண்டாம், உங்கள் நம்பர்தான் அதிலேயே இருக்கிறதே. வீட்டு அஞ்சல் பெட்டியிலும் கவனம். அமெரிக்காவில் தபால் கட்டணம் செலுத்தாத விளம்பரத்தை அதற்குள் போடுவது சட்டப்படி தவறு. இங்கிலாந்தில் சில பகுதிகளில் கையில் நோட்டீஸ் கொடுப்பதற்கே உள்ளாட்சி அனுமதி வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி, வைக்கிற விதம். இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. ஒரு கடையின் கல்லாப் பக்கம் 200 நோட்டீஸ் வைத்திருந்தேன். இரண்டே நாளில் காலி. சந்தோஷத்தில் இன்னும் 200 கொண்டுபோனேன். கல்லாவில் இருந்தவர் என் நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆணியில் குத்தி வைத்த கட்டு முழுக்க என் நோட்டீஸ்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, நல்ல காகிதம். அன்றிலிருந்து இரண்டு விஷயத்தை விடுவதில்லை. ஓர் இடத்தில் 20, 25க்கு மேல் வைப்பதில்லை. பின்பக்கத்தை வெறுமையாக விடுவதில்லை.

உங்களுக்குப் பின்பக்கத்தில் என்ன போடலாம் தெரியுமா? ஸ்கேல். ஏ5 தாளின் நீளம் 210 மில்லிமீட்டர், 20 சென்டிமீட்டர் ஸ்கேல் தாராளமாக நிற்கும். மேலே அங்குலம், கீழே சென்டிமீட்டர், நடுவில் உங்கள் பெயரும் நம்பரும். ஆல்டரேஷன் அவசர வேலை இல்லை. இன்று நோட்டீஸ் எடுத்தவருக்கு அடுத்த மாதம்தான் ஜிப் போகும், அதுவரை அந்தக் காகிதம் வீட்டில் இருக்கவேண்டும். அளக்க உதவும் காகிதத்தைச் சட்டென்று குப்பையில் போட மாட்டார்கள். அச்சகத்தில் 'அளவை மாற்றாமல் 100 சதவீதத்தில் அடியுங்கள்' என்று அழுத்திச் சொல்லுங்கள். தாளுக்குப் பொருந்தட்டும் என்று கொஞ்சம் சுருக்கிவிட்டால் ஸ்கேல் பொய் சொல்லும், தையல்காரர் கொடுத்த ஸ்கேலே தப்பு என்றால் மானம் போய்விடும்.

காகிதத்தின் கனம் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) என்றால் ஸ்டாண்டில் வைத்ததும் தலை கவிழ்ந்துவிடும், பெயர் தெரியாது. 150 ஜிஎஸ்எம் அளவுக்குப் போனால் நிமிர்ந்து நிற்கும். ஸ்டாண்டையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் உங்கள் நோட்டீஸ் வேறு எதற்கோ அடியில் கிடக்கும். க்யூஆர் கோடு போடுவதாக இருந்தால் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டுப் போடுங்கள். ஆனால் உங்கள் வேலைக்குப் பெரிய எழுத்தில் போன் நம்பர்தான் முக்கியம்.

நான் சொன்ன வரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். எத்தனை காலியானது என்று எண்ணினால் என் 200 மாதிரி ஏமாறுவீர்கள். எத்தனை போன் வந்தது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எழுத்து: துணிக்கடைக்கு து, சலவைக்கு ச, ஜிம்முக்கு ஜி. போன் செய்பவரிடம் 'நோட்டீஸ் மூலையில் என்ன எழுத்து இருக்கிறது?' என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டால் பாதிப் பேர் 'எங்கேயோ பார்த்தேன்' என்பார்கள்.

ஓர் இடத்தை இதுவரை சொல்லவில்லை, செலவே இல்லாத இடம். வேலை முடிந்து கொடுக்கிற பேன்ட்டின் பாக்கெட். தேய்த்து மடித்த பேன்ட்டில் கைவிட்டால் இரண்டு நோட்டீஸ் இருக்கவேண்டும், ஒன்று அவருக்கு, ஒன்று அவர் கொடுக்கப்போகும் ஆளுக்கு. அந்த நான்கு பேரில் வேலை கொடுத்தவர்களிடமிருந்தே இதை ஆரம்பித்திருக்கலாம்.

சரி, மீதி 300க்கு வருவோம். புதிதாக அடிக்க வேண்டாம், ஸ்கேலும் கெட்டிக் காகிதமும் அடுத்த முறை அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் 'ஆல்டரேஷன் மட்டும்' என்று இல்லாவிட்டால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்துங்கள், புதுத் துணி கேட்டு வரும் போன் குறையும். மூலையில் பேனாவால் எழுத்தைப் போடுங்கள். 100 துணிக்கடைகளுக்கு, 60 சலவைக்கு, 40 ஜிம்முக்கும் சீருடை இடங்களுக்கும். மீதி 100 உங்கள் தையல் மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும், பாக்கெட்டுகளுக்கு. கடைகளுக்கு வாரக் கடைசியில் போகாதீர்கள். வார நடுவில், கடை திறந்து முதல் பரபரப்பு அடங்கிய நேரத்தில் போங்கள். போகும்போது நீங்கள் நீளம் குறைத்த பேன்ட் ஒன்றையும் எடுத்துப் போய், மடிப்பைத் திருப்பி உள்தையலைக் காட்டுங்கள்.