பிளவுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு வாங்கினால் பயமில்லை?

ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு யாரோ நிலப்பிளவு (பூமிக்கடியில் பாறை உடைந்து வழுக்கும் இடம், நிலநடுக்கம் பிறப்பது அங்கேதான்) வரைபடத்தை அனுப்பி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தூரத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

2001 ஜனவரி 26. அகமதாபாத் மணிநகரில் நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். குடியரசு நாள் விடுமுறை. காலை 8.46-க்கு அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கல் அடுப்பைவிட்டு நகர்ந்து தரையில் விழுந்தது. படியில் இறங்கும்போது சுவர் தானாக வந்து தோளில் இடித்தது. கீழே, பார்க்கிங்கில் ஒரு தூணின் மேல்முனையில் கான்கிரீட் உதிர்ந்து, கம்பிகள் வெளியே பிதுங்கி வளைந்திருந்தன. நாங்கள் தப்பித்தோம். இரண்டு தெரு தள்ளி, அதே மாதிரிக் கட்டடம் ஒன்று பார்க்கிங்கை நசுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதல் மாடி பால்கனி தரையோடு இருந்தது, கொடியில் காயப்போட்ட துணிகூடக் கலையவில்லை.

இத்தனைக்கும் நிலநடுக்கம் பிறந்தது கட்ச் பகுதியில், பச்சாவ் பக்கம். எங்களுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். அகமதாபாத்தில் மட்டும் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். சபர்மதி கொட்டிய ஆழமான வண்டல் மண் தூரத்திலிருந்து வந்த அலையைப் பெரிதாக்கியது, சுவரில்லாமல் வெறும் தூண்மேல் நின்ற கட்டடங்கள் அதைத் தாங்கவில்லை.

அப்படியென்றால் பிளவு முக்கியமில்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் நிலவியல் படித்தவன் இல்லை, ஆனால் பிளவுக்குப் பக்கத்தில் இருந்து இடிந்துபோன பச்சாவ், அஞ்சார், புஜ் ஊர்களின் கதி எனக்குத் தெரியும். கட்ச்சில் பழைய பிளவுகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. இந்தியா உட்கார்ந்திருக்கும் பெரிய பாறைத் தட்டு வடக்கே தள்ளத் தள்ள அவற்றில் இறுக்கம் சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் வழுக்கும். 1819-இல் அப்படி வழுக்கியபோதுதான் ரண் என்ற உப்புச் சதுப்பில் அல்லா பந்த் என்ற நீண்ட மேடே எழும்பியது. 2001-இல் 7.7 அளவுக்கு அதிர்ந்தும் பிளவு தரைக்கு மேலே வரவேயில்லை. உள்ளேயே மறைந்திருக்கும் பிளவை வரைபடக் கோட்டில் எப்படிப் பார்ப்பீர்கள்? 1993-இல் நிலநடுக்கத்தில் அழிந்த மகாராஷ்டிரா கிராமம் கில்லாரி இருந்ததும் ஆபத்தே குறைவு என்று குறித்துவைத்திருந்த பகுதியில்தான்.

அதனால் தூரத்தை அளப்பதோடு நிற்காமல் மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். பார்க்கிங் தளத்தை எப்படி வலுப்படுத்தியிருக்கிறார்கள் என்று கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். காகிதம் தர மறுத்தால் அட்வான்ஸ் போனாலும் போகட்டும்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அந்த வாரமே காலி செய்தோம். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லவில்லை என்று வீட்டுக்காரர் டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அப்பா எத்தனையோ முறை அலைந்தார், கிடைக்கவில்லை. மே மாதம் கடைசியாகப் போனபோது தூணில் புதுப் பூச்சும் அதன்மேல் மஞ்சள் பெயின்ட்டும் இருந்தன. எங்கள் வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. அப்பா மேலே ஏறிப்போய் அவர்களிடம் அந்தத் தூணைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.