நான் பேசியபோது அப்பா கடைசி வரிசையில் இருந்தார்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் திருப்பூரில் பிளஸ் டூ படிக்கிறேன். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அம்மா பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறார்.

அம்மாவின் ஊர் நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அங்கே நான்கு ஏக்கர் நிலம். கிணறு உப்பேறிப் போனதால் பாதிக்கு மேல் தரிசாகக் கிடக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் பசுமைப் படை ஆசிரியர் கொடுத்த, தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். லிட்டருக்கு 2,900 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு 500 வரைதான் நல்லது என்று படித்திருக்கிறேன். தண்ணீரைப் பற்றித்தான் மேலே படிக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பேச்சுப் போட்டியில் 'நொய்யலைக் கொன்றவர்கள்' என்று பேசினேன். "ஆற்றை விற்றுச் சோறு தின்றவர்கள்" என்று ஒரு வரி வரும். அதற்குத்தான் பலத்த கைதட்டல். முதல் பரிசு கிடைத்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. வண்டியில் வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துப் படி. இந்த ஆறு, தண்ணீர் எல்லாம் நமக்கு வேண்டாம்" என்றார்.

2011-இல் பட்டறைகளை மூடியபோது அப்பா ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தாராம். அப்போது அடகு வைத்த வளையல்கள் திரும்பவே இல்லையாம். இதையெல்லாம் அம்மா இப்போதுதான் சொன்னார். அப்போது எனக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. இப்போது இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இதைப் படித்தால் அப்பாவுக்குத் துரோகம், விட்டால் அப்பிச்சிக்குத் துரோகம் என்று தோன்றுகிறது. சுற்றுச்சூழல் படித்தால் வேலை கிடைக்குமா என்றும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

அன்புள்ள மகளுக்கு,

வேலை கிடைக்குமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். வழக்கமாக எனக்கு வரும் கடிதங்களில் அதுதான் முதல் வரியாக இருக்கும். உன்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கேள்வி அல்ல என்பதால் அதைப் பிறகு பார்ப்போம்.

மேடையில் நீ பேசியது பொய்யில்லை. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. உன் அப்பிச்சிக்குக் காலம் கடந்து கிடைத்த நியாயமும் உன் அப்பா வேலை இழந்ததும் ஒரே உத்தரவில் நடந்தவை. உன் அம்மா மகளாகவும் மனைவியாகவும் அதன் இரண்டு பக்கங்களிலும் நின்றிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

நீ இடறியது ஒரு சொல்லில். கழிவை எங்கே விடுவது என்று முடிவு செய்தவரும், அதே பட்டறையில் மாதச் சம்பளத்துக்கு நின்றவரும் உன் வரியில் ஒருவராகிவிட்டார்கள். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்களில் நீயும் உண்டு. பேச்சுப் போட்டிகளுக்கு வில்லன் இல்லாமல் கைதட்டல் வராது. அந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, அது இருக்கட்டும். பதினேழு வயதில் ஒரு வரி தவறிப்போவது துரோகம் ஆகாது.

அப்பா சொன்னதை நீ தண்டனையாகக் கேட்டிருக்கிறாய். எனக்கு அது பயமாகக் கேட்கிறது. ஊகம்தான், அவரை நான் பார்த்ததில்லை. சுற்றுச்சூழல் என்ற சொல் ஒருமுறை அவர் வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது. அதே சொல்லை மகள் மேடையில் சொல்ல, ஊர் கைதட்டுகிறது. உன்னைத் தொலைவாக, குளிர்ந்த அறையில் ஒரு கணினி முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு அன்றிரவு தோன்றியிருந்தால் வியப்பில்லை.

மன்னிப்புக் கேள். நீளமாக வேண்டாம். "அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாதுப்பா" என்றால் போதும். பதில் வராவிட்டாலும் போகட்டும். இரண்டு நாள் கழித்து அவரிடம் ஒரு சந்தேகம் கேள்: சாயம் போடும்போது உப்பு எதற்கு?

இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பருத்தியில் சாயம் நன்றாக ஏறுவதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு துணியில் தங்குவதில்லை, முழுக்கத் தண்ணீரோடு வெளியே வருகிறது. 100 கிலோ துணிக்கு 600 லிட்டர் தண்ணீர், அடர்த்தியான நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு லாட்டுக்கு, அதாவது ஒருமுறை சாயம் போட, 36 கிலோ. உன் மீட்டரில் தெரிந்த 2,900-இன் கதை அங்கே தொடங்குகிறது. ஆற்றில் ஓடும் நிறத்தைத்தான் எல்லோரும் படம் பிடித்தார்கள். மண்ணையும் கிணற்றையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு. அந்த உப்பைக் கையால் அள்ளிப் போட்ட அனுபவம் உன் வீட்டிலேயே இருக்கிறது.

மூடிய பட்டறைகள் மீண்டும் திறந்தது எப்படி என்றும் அவரிடம் கேள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வுகள் தண்ணீரைப் பிரித்துத் தருகின்றன. மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பை மீட்கிறார்கள். தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகின்றன. இதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகிறது. பயன்படாத கலப்பு உப்பும் கசடும் இன்னும் தலைவலிதான். நீ வேலை தேடப்போகும் காலத்திலும் இந்தத் தலைவலிக்கு ஆள் தேவைப்படும். ஆறு வாழ வேண்டும், பட்டறையும் ஓட வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போடும் ஆட்கள்.

இனி படிப்பு. 'சுற்றுச்சூழல்' என்ற சொல் பட்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. வேதிப் பொறியியல், குடிமைப் பொறியியல், ஜவுளி வேதியியல் எல்லாமே தண்ணீருக்குக் கொண்டுவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் வேலைக்கும் இவற்றில் சில ஏற்கப்படுகின்றன. விஞ்ஞானிப் பணிக்கு எம்.எஸ்சி. வழி. ஆய்வில் ஆசை இருந்தால் ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. என்னைக் கேட்டால், உனக்கு வேதிப் பொறியியல் பொருந்தும். பிறகு மனம் மாறினாலும் அதில் வாசல்கள் அதிகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பில்லை, பிடித்திருந்தால் படி. பரிகாரமாக மட்டும் படிக்காதே, நான்கு ஆண்டு தாங்காது.

பணத்தைப் பற்றி அப்பாவிடம் நீயே முதலில் பேசிவிடு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உனக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். வளையலை அடகு வைத்தவருக்கு ஆற்றைப் பற்றிய பேச்சைவிட இந்தக் கணக்கு முதலில் காதில் விழும்.

இரவு விழிப்பு இன்னும் தொடர்ந்தால் 14416-ஐ அழை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒன்று மறந்துவிட்டேன். அந்த 36 கிலோ கணக்கு, சாயத் தொழிலில் இருந்த உறவினர் ஒருவரிடம் கேட்டு நான் போட்டது. சரிதானா என்று அப்பாவிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது.